வீட்டைப் பார்த்தது போதும், வாய்க்காலைப் பாருங்கள்

செட்டிநாடு என்று சொன்னதும் ஒரு பட்டியல் வந்து விழும். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடி டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. டிவிக்காரர்கள் வந்தாலும் இதே பட்டியல், சுற்றுலாக் கையேட்டிலும் இதே பட்டியல், காலேஜ் ப்ராஜெக்ட்டிலும் இதே பட்டியல். கேமரா திண்ணையில் ஆரம்பித்து, தூணைத் தடவி, முற்றத்தில் ஒரு சுற்று சுற்றி, கடைசியில் வாழையிலையில் போய் நிற்கும். அவ்வளவுதான் செட்டிநாடு.

இந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. அந்த வீடுகள் எல்லாம் ஆகாயத்தில் தொங்கவில்லை, தரையில் நிற்கின்றன. முதல் தூண் நடுவதற்கு முன்னால் அந்தத் தரையை யாரோ அளந்திருக்கிறார்கள். தெரு எங்கே, மனை எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே போய் நிற்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் லே-அவுட் போட்டிருக்கிறார்கள். செட்டிநாட்டின் உண்மையான சாதனை அந்த லே-அவுட்தான், தேக்கு மரம் அல்ல. தேக்கைப் பணம் இருக்கிற எவரும் வாங்கலாம். இன்றைக்கு அழிந்துகொண்டிருப்பதும் அந்த லே-அவுட்தான். அது அழிவது யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் எல்லாருடைய கண்ணும் தூண் மேலேயே இருக்கிறது.

பள்ளத்தூரையே எடுத்துக்கொள்ளலாம். காரைக்குடியில் இருந்து கோட்டையூர் தாண்டிப் போனால் வரும் ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பெண்கள் கல்லூரியை வைத்துத் தெரிந்திருக்கும், வியாபாரம் படிப்பவர்களுக்கு முருகப்பா குழுமத்தை வைத்துத் தெரிந்திருக்கும். பழைய தெருக்களில் நடந்து பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக, ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன. ஒரு தெருவில் வரிசையாக வீடுகளின் முகப்பு. அடுத்த தெருவுக்குப் போனால் அதே வீடுகளின் பின்வாசல். அதாவது ஒரு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கட்டு கட்டாகத் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரே நேர்கோட்டில் தெரியும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மனை பிரிப்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஒரு மனைக்கு இரண்டு பக்கமும் தெரு விடுவது நஷ்டக் கணக்கு. ரோட்டுக்குப் போகிற நிலம் விற்கிற நிலம் அல்லவே. இன்றைய ப்ரோமோட்டர் ஒருவர் ஒரு தெருவைப் போட்டு அதன் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டி மனைகளை அடுக்குவார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்யவில்லை. முன்தெரு மனிதர்களுக்கும் விசேஷங்களுக்கும். பின்தெரு வண்டிக்கும் நெல்லுக்கும் விறகுக்கும் மாட்டுக்கும். கூடவே இரண்டு தெருவிலும் தண்ணீர் ஓட வழி. வீட்டுக்கு உள்ளே விழுகிற தண்ணீருக்கு வெளியேறப் பாதை இருக்க வேண்டும் என்றால் வீடு தெருவைத் தொட்டே ஆக வேண்டும். நஷ்டத்தை ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு அது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். சிவகங்கைச் சீமையில் ஆறு என்று நம்பி உட்கார எதுவும் பெரிதாகக் கிடையாது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாதங்களுக்கு அதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் வீட்டின் ஓட்டுக் கூரை உள்பக்கம் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. நான்கு பக்கக் கூரையின் தண்ணீரும் முற்றத்தில் விழும். முதல் மழை கூரையைக் கழுவிவிடும், அதற்குப் பிறகு வருவதை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்தின் தூம்பு வழியாக, தரைக்கு அடியில் போகும் கல் வாய்க்காலில் இறங்கித் தெருவுக்குப் போகும். தெருவில் இருந்து ஊருணிக்கு. ஊருணி நிறைந்தால் அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ.

ஒரு சின்னக் கணக்கு. கூரைப் பரப்பு 1,000 சதுர மீட்டர் இருக்கிற ஒரு பெரிய வீடு. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 9 லட்சம் லிட்டர். ஓடு உறிஞ்சியது, ஆவியானது, சிந்தியது என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்காமல் பார்த்தால் 12,000 லிட்டர் லாரியில் 75 லோடு. ஒரு வீட்டுக்கு! ஒரு தெருவுக்கு, ஓர் ஊருக்கு எவ்வளவு என்று அவரவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது ஊரெல்லாம் அவசர அவசரமாகப் பைப் வாங்கி ஒட்டினார்கள். இந்த வீடுகளுக்கு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. கூரை போட்ட அன்றைக்கே அந்த வேலை முடிந்துவிட்டது.

"ஊரே சமதளம், இதில் சரிவு எங்கே வந்தது?" என்று ஒரு கேள்வி வரும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மலைச்சரிவில் மனை போடுகிறவரால் சரிவைப் பார்க்காமல் இருக்க முடியாது. சமதளத்தில் சரிவு கண்ணுக்குத் தெரியாது, மழைக்கு மட்டும் தெரியும். இந்தப் பக்கத்து நிலம் பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. நடக்கிறவர்களுக்குத் தெரியாத அளவு சரிவு. அதைக் கண்டுபிடித்து, தெருவையும் வாய்க்காலையும் ஊருணியையும் அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள். வீட்டையும் உயர்ந்த மேடையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்டு போன நினைவில்தான் நகரத்தார் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும். தெருவே வாய்க்காலாக ஓடுகிற ஊரில் வாசற்படி உயரமாக இல்லாவிட்டால் ஐப்பசியில் என்ன ஆகும் என்பதற்குக் கடல் வரை போக வேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே பள்ளம் இருக்கிறது :-)

ஒப்பிட்டுப் பார்க்க நிஜமான மலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல். 1821ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே போய் இரண்டு பங்களா கட்டினார்கள். 1863ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். பிறகு ஏரியைச் சுற்றி, சரிவில் ஆங்காங்கே, வசதிப்பட்ட இடத்தில் பங்களாக்கள். பாடப் புத்தகத்திலும் வழிகாட்டிப் பலகையிலும் இவர்கள் பெயரெல்லாம் இருக்கும். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் செட்டிநாட்டில் இப்போது நிற்கிற பெரிய வீடுகளும் எழ ஆரம்பித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940கள் வரை. இரண்டு இடத்திலும் வெளியில் இருந்து வந்த பணம், இரண்டு இடத்திலும் வசதி படைத்தவர்களின் குடியிருப்பு. ஆனால் மலை மேல் ஏரி, பிறகு படகு விடுகிற இடமாகப் பேர் வாங்கியது. இங்கே ஊருணி ஊரே குடிக்கிற தண்ணீர். மலையில் வீட்டுக்கு வீடு காம்பவுண்டு, தோட்டம், தனிமை. இங்கே சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு வீட்டின் தண்ணீர் அடுத்த வீட்டுத் தண்ணீரோடு சேர்ந்து ஓடுகிற ஏற்பாடு. எது திட்டமிட்ட குடியிருப்பு? ஆனால் "ஹில் ஸ்டேஷன் வரலாறு" என்று புத்தகம் போடுவார்கள். "பள்ளத்தூர் மனைப்பிரிவு வரலாறு" என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள்.

நகரமைப்பு என்பதே வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது 1920ல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1914ல் இந்தியாவுக்கு வந்த பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுதினார். அவர் வெள்ளைக்கார இன்ஜினியர்களோடு சண்டை போட்ட விஷயங்களில் ஒன்று குளம். மலேரியா வருகிறது, குளத்தை மூடு என்றார்கள் அவர்கள். மூடாதே, மீனும் வாத்தும் விடு, கொசு முட்டையை அவை பார்த்துக்கொள்ளும் என்றார் இவர். அதாவது, வந்தவர்களிலேயே விவரமானவர் இங்கே ஏற்கெனவே இருந்ததைக் கெடுக்காதே என்றுதான் சொன்னார். நம்மூர் நகரமைப்பு அலுவலகங்களில் கெடிஸ் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ. குளத்தை மூடுகிற கட்சிக்குத்தான் இன்னும் பெரும்பான்மை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு மறுபக்கத்தையும் பேசாமல் விட்டால் அது விளம்பரம் ஆகிவிடும். ஐந்தொகை என்றால் சொத்து ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம்.

இந்தத் தெருக்களின் மூலதனம் எங்கிருந்து வந்தது? 1852ல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டா காடு நெல் வயலானது. நெல் போடுகிற விவசாயிக்குக் கடன் தேவை, ஆங்கிலேய பேங்குகள் அவனுக்குத் தரமாட்டார்கள். அந்த இடைவெளியில் நகரத்தார் பெட்டியடி வைத்து உட்கார்ந்தார்கள். 1930ல் பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி! அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனுக்குப் பதில் நிலம் வந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937ல் 25 சதவீதம் ஆனது. நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை, வராத கடனுக்கு எடுத்துக்கொண்டோம் என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த நியாயம் சோறு போடாது. வளவில் நிற்கிற தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் தடவ வேண்டும்.

இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஊருணி ஊருக்கே பொது என்று எழுதுவது எளிது. "ஊர்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்? வீடு கட்டிய கொத்தனாரும், கல் சுமந்த கூலியும், வயலில் நின்றவர்களும் இந்த நேர்த்தெருக்களில் குடியிருக்கவில்லை. அவர்கள் குடியிருப்பு லே-அவுட்டுக்கு வெளியே. 1930ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் (சிவகங்கை அப்போது அதற்குள் இருந்தது) ஆதிக்கசாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. இந்த மாளிகைகள் உச்சத்தில் இருந்த அதே வருடங்கள். "பாரம்பரியம்" என்று உருகுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அப்படியானால் இடியட்டுமே, யாருடைய ரத்தத்திலோ கட்டியதுதானே என்று ஒரு கட்சி கிளம்பும். அந்தக் கட்சிக்கு ஒரே ஒரு பதில். இடிப்பதால் ஐராவதி விவசாயிக்கு அவன் நிலம் திரும்பப் போவதில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கப் போவதும் இல்லை. மாறாக, வாய்க்கால் அடைபட்டு, ஊருணி காய்ந்து, நிலத்தடி நீர் இறங்கினால் முதலில் குடத்தோடு அலைவது யார்? மெட்ராஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற வீட்டு உரிமையாளர்கள் அல்ல. லே-அவுட்டுக்கு வெளியே இருந்தவர்கள்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் தொட விடாத தண்ணீரை, தொடலாம் என்று ஆன பிறகு காய விட்டால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை.

இடிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வீட்டுக்குள் நடந்த உட்பிரிவைப் பார்க்க வேண்டும். நகரத்தார் கணக்கில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி, ஊர்க் காரியத்துக்குப் புள்ளிக் கணக்கு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் ஒன்று அவன் புள்ளிக்கு. சமையலும் தனி. ஆனால் முற்றம் பொது, முகப்பு பொது, கல்யாணம் காட்சிக்கு வீடு முழுவதும் பொது. எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள். சுவர் எழுப்பாமல், மனையை வெட்டாமல், பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழ். உரிமை பிரிந்தது, நிலம் பிரியவில்லை.

அந்தப் புத்திசாலித்தனமே இப்போது கழுத்தை நெரிக்கிறது. 1942ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது, பணம் அங்கேயே மாட்டிக்கொண்டது. 1948ல் பர்மா சுதந்திரம், கூடவே நில தேசியமயச் சட்டம். 1962ல் ராணுவ ஆட்சி, மிச்சம் மீதியும் போயிற்று. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900ல் மோல்மீனில் தொடங்கிய தொழில் போல, போருக்கு முன்பே முதலீட்டை இந்தியாவுக்குத் திருப்பித் தப்பித்தவை சில. மற்றவர்களுக்கு வீடு மட்டும் மிஞ்சியது, வீட்டைப் பராமரிக்கிற வருமானம் மிஞ்சவில்லை. நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டும் என்றால் நாற்பது பேரிடம் வசூல். விற்க வேண்டும் என்றால் நாற்பது கையெழுத்து. ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை, ஒருவர் உயிரோடு இல்லை, அவர் வாரிசுகள் ஏழு பேர். ஆகவே பூட்டு. கூரை ஒழுகி, சுவர் சாய்ந்து, இனி முடியாது என்ற நிலை வந்ததும் அத்தனை கையெழுத்தும் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும். தூண், நிலை, கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றப்பட்டுக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து எந்த ஊர் ரெஸார்ட்டுக்கோ.

தூண் போனதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள் இதற்கு அடுத்து நடப்பதைப் பார்ப்பதில்லை. உண்மையான இழப்பு அதற்குப் பிறகுதான். காலியான மனை நீளமானது, இரண்டு பக்கமும் தெரு. விற்கிறவருக்கு இது லட்டு மாதிரி. நடுவில் குறுக்கே வெட்டினால் முன்தெருவுக்கு நான்கு மனை, பின்தெருவுக்கு நான்கு மனை, எட்டுக்கும் ரோடு இருக்கிறது. ஒரு அடி ரோடு கூடப் புதிதாக விட வேண்டாம். பழைய லே-அவுட் நஷ்டம் ஏற்றுக்கொண்டு விட்ட தெரு, இன்றைக்கு வெட்டுகிறவருக்கு இலவச லாபம். குறுக்குச் சுவர் எழும்போது தரைக்கு அடியில் போன கல் வாய்க்கால் துண்டாகும். முற்றம் இல்லாத புது வீட்டின் மொட்டை மாடித் தண்ணீர் பைப் வழியாகத் தெருவில் விழும். தெரு சிமெண்ட் போட்டு ஒவ்வொரு தடவையும் ஓரடி உயர்த்தப்பட்டிருக்கும், பக்கத்தில் மிஞ்சியிருக்கிற பழைய வீட்டின் தூம்பு தெருவை விடக் கீழே போயிருக்கும். வெளியேற வேண்டிய தண்ணீர் உள்ளே வரும். அந்த வீட்டுச் சுவரும் ஊறும், அடுத்து அதுவும் இடியும். ஒரு மனையை வெட்டினால் ஒரு வீடு போகிறது என்பது தவறான கணக்கு. அந்த வரிசையே போகிறது.

ஊருக்கு வெளியே புது மனைகளின் கதை வேறு தினுசு. வண்ணக் கொடி, எல்லைக்கல், வாசலில் இரண்டு சிமெண்ட் தூண், "செட்டிநாடு ஸ்டைல் வில்லா" என்று ஒரு பலகை. தூண் இருக்கிறது, செட்டிநாடு எங்கே? 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்து சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்பது விதி. 10,000 வரை என்றால் அதற்குப் பதில் பணம் கட்டிவிடலாம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. கோடிக்கணக்கில் வருமானம் நின்றது, உடனே 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனையா, கட்டணம் செலுத்து, சரியாகிவிடும். காகிதம் சரியாகிவிடும்தான். பணம் கட்டினால் பள்ளம் மேடாகுமா? கண்மாய்க்குப் போகிற வரத்துக்காலின் மேல் போட்ட மனையில் ஐப்பசி மழை ரசீது கேட்குமா?

சட்டம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் ஒரு சட்டம் வந்தது. அது அப்போது பொதுப்பணித் துறையின் கையில் இருந்த ஏரி, கண்மாய்களுக்கானது. ஊருணி உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. இந்த ஊர்களில் வீட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிற கண்ணியே ஊருணிதான், அந்தக் கண்ணிக்குக் குடை இல்லை.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014ல் செட்டிநாடு சேர்ந்தது. பள்ளத்தூரும் அந்தப் பட்டியலில் உள்ள ஊர்களில் ஒன்று. அதில் கொடுத்திருக்கிற தலைப்பைக் கவனித்தவர்கள் குறைவு. மாளிகைகள் என்று இல்லை. "தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள்" என்று இருக்கிறது. தெரு, மனை, ஊருணி, கோயில், தண்ணீர் ஏற்பாடு எல்லாம் சேர்ந்த ஊரைத்தான் உலகச் சொத்து ஆகலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளூரில் அதை வைத்து நடப்பதெல்லாம் மாளிகைகளை ஹெரிடேஜ் ஹோட்டல் ஆக்குவது மட்டும்தான். ஹோட்டல் ஆவதில் தப்பில்லை, பூட்டிக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு மாளிகையை மினுக்கி வைத்துவிட்டு நடுவில் இருக்கிற இருபது மனையைக் குறுக்கே வெட்ட விட்டால், அந்தத் தலைப்பில் உள்ள "கிராமம்" எங்கே இருக்கும்?

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். கதருக்கு நிதி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் மனிதர் சும்மா போகவில்லை. உங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் அளவுக்கு மீறி அடைந்து கிடக்கின்றன, இவ்வளவு செலவு தேவையே இல்லை என்று பணம் கொடுத்தவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகப் போகிறது. இன்னும் அதே சாமான்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் :-)

செய்ய வேண்டியது ஒன்றும் விண்வெளி விஞ்ஞானம் இல்லை. பள்ளத்தூர் பேரூராட்சி ஒவ்வொரு தெருவின் பழைய வாய்க்கால்களையும், ஊருணிகளின் வரத்துக்கால், கலிங்கு எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது, மாணவிகளை இறக்கிவிட்டால் ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். தெருவுக்குத் தெரு ஓடுகிற மனையைக் குறுக்கே வெட்ட அனுமதி கேட்டால், தரைக்கு அடியில் போகிற வாய்க்கால் துண்டாகாமல் வரைபடத்தில் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நீளவாக்கில் பிரித்தால் பிரச்சினை இல்லை, இரண்டு தெருவும் இரண்டு பங்குக்கும் கிடைக்கும். சிமெண்ட் ரோடு போடுகிற கான்ட்ராக்டர் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே பூசினால் பில்லை நிறுத்த வேண்டும். பங்காளிகள் விற்க முடியாவிட்டால் நீண்டகாலக் குத்தகைக்காவது விடலாம், நாற்பது பேருக்கும் பங்குக்கு ஏற்ற வாடகை, கூரைக்கு ஓடு. நகரத்தாருக்குக் கூட்டுக் கணக்கு எழுதுவதை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

இதில் எதற்கும் யுனெஸ்கோ அனுமதி வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம். 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. மனை விலை இந்தப் பக்கமும் ஏறும், வெட்டுகிற வேகமும் ஏறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் வாய்க்கால் வரைபடத்தில் ஒரு தெருவையாவது முடித்துவிட்டால், முதல் மழையன்று ஒரு குடையோடு போய் அந்தத் தெருவில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.